முன் பிரேக் இல்லாத மாப்பிள்ளை

மோட்டார் சைக்கிள் சீக்கிரம் நிற்குமா, கார் சீக்கிரம் நிற்குமா என்று யாராவது கேட்டால் நான் வலது கணுக்காலைத் தடவிக்கொள்வேன். மிச்சத்தை வீட்டிலிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. அறுபதுகளில் திருச்சி பாலக்கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். (பட்டறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. அது வேறு கதை.) அந்த வயதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது: முன் பிரேக் உயிருக்கு ஆபத்து, பிடித்தால் ஆளைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடும். ஆகவே சர்வீசுக்கு வருகிற வண்டிகளில் முன் பிரேக் கம்பியைக் கழற்றிவிடுவேன். யாரும் கேட்கமாட்டார்கள். நானாகச் செய்கிற தர்மம்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகைக் கார் ஓட்டிய சவரியப்பன் வீட்டில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் பெயர் ஜெபமாலை. எல்லாம் முடிகிற நேரத்தில் சவரியப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரெண்டு சக்கரத்துக்கு நிக்கத் தெரியாது தம்பி. அவசரத்துக்குக் கார்தான் நிக்கும். எம் பொண்ண அதுல உக்கார வைக்க மனசு வரல.”

“உங்க கார் நின்னு முடிக்கிறதுக்குள்ள நான் எறங்கி வெத்தல போட்டுருவேங்க மாமா.”

பெண் கொடுக்கும் முன்பே மாமா என்றுவிட்டேன். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் திருவெள்ளறை சாலையில் பார்த்துவிடுவது, நான் முதலில் நின்றால் பெண் எனக்கு என்று முடிவாயிற்று. சனிக்கிழமையே சைக்கிளில் போய் நான்தான் இடம் பார்த்தேன். குழி குண்டு இல்லாமல் வழவழவென்று ஒரு நீளம், நடுவில் ஒரு மைல்கல். கல் வந்ததும் அவர் ஹாரன் அடிக்க வேண்டும், இருவரும் பிரேக் போட வேண்டும். எனக்குச் சொந்த வண்டி கிடையாது. பங்குச் சாமியாருடைய வண்டி சர்வீசுக்கு வந்திருந்தது. சொல்லாமல் எடுத்துக்கொண்டேன். அதற்கும் என் தர்மத்தை ஏற்கெனவே செய்திருந்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வழவழப்பான சாலை ஊர்க்காரர்களுக்கும் வேண்டும். அறுத்த கொள்ளுச்செடியை அதில் பரப்பிவிட்டால், போகிற வண்டியெல்லாம் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஞாயிறு காலை மைல்கல்லைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கொள்ளு. தூரத்திலேயே தெரிந்தது. ஆனால் முன்னாலேயே நின்றால் பயந்தவன் என்று ஆகிவிடும். இரண்டு பேரும் நிற்கவில்லை.

ஹாரன் கேட்டது. கார் கொஞ்சம் கோணலாகச் சறுக்கி நின்றது. நான் பின் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஓரத்துக் கொள்ளுப்போரில் விழுந்தேன். சாமியார் வண்டி என்னை எதிர்பார்க்காமல் படுத்தபடியே துறையூர்ப் பக்கம் போய் வாய்க்காலில் இறங்கியது.

போருக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். “நான்தாங்க மாமா முதல்ல நின்னேன்.”

“நான் வண்டியப் பத்திக் கேட்டேன்,” என்றார் சவரியப்பன். “உங்களப் பத்திக் கேக்கல.”

கொள்ளுக்குச் சொந்தக்கார அம்மாள் தடியோடு வந்தாள். “பரப்புனதப் பூரா கலைச்சிட்டு ஞாயம் பேசுறியா? இந்தா, உக்காந்து அடி.”

உச்சிப்பொழுது வரை உட்கார்ந்து அடித்தேன். சவரியப்பனையும் அவள் விடவில்லை. கொள்ளின்மேல் காரை முன்னும் பின்னுமாக ஓட்ட வைத்தாள். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நிக்கத் தெரியாட்டியும் நீங்க ஓடிப்போகல. அது போதும். பொண்ணத் தரேன்.”

கணுக்கால் பிசகி என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை என்பதை அவர் சாகும்வரை நான் சொல்லவில்லை.

கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கிற ஓலை, வழக்கப்படி மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கப்பட்டது. மூன்று முறையும் என் பெயர் வந்ததும் சாமியார் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மேலே வாசித்தார்.

இன்றைக்கும் நான் எதையாவது ஆரம்பித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டால் ஜெபமாலை பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்: “தாத்தா நின்னுட்டாரு. வண்டி துறையூர் போயிட்டிருக்கு.”