யானை நின்றால் ஏரி உடையுமாம்

சென்யாவின் கை மேலே போய்விட்டது. இனி இறக்க முடியாது. ஊர்மன்றத்தில் இருந்த எண்பது பேரும் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணையே பார்த்தார்கள். ஃபின்லாந்தின் அந்த ஏரிக்கரை ஊர்க் கூட்டத்தில் வாய் திறப்பவை இரண்டுதான்: தலைவி ஹில்ப்பா, காபிக் கெட்டில்.

மேடையில் ராய்மோ. தரவுத்தள ஆலோசகர். தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வந்தவர், நம்பாமல் இருக்க முடியுமா? ஏரிப் பனியின் கனத்தை ஊர் இருபது வருஷமாகப் பதிந்துவருவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில். அதன் சின்னம் யானை. அதற்குப் பதிலாக அவர் மாற்றச் சொல்லும் மரியாடிபிக்குக் கடல்சிங்கம். இரண்டுமே இலவசம், மாற்றித் தருவதற்குத்தான் ராய்மோவுக்குக் கூலி.

"யானை பனி மேல நின்னா?" என்று கேட்டிருந்தார்.

"உடைஞ்சிடும்!" என்றது கூட்டம்.

"கடல்சிங்கம்?"

"வழுக்கிட்டுப் போகும்!"

விஞ்ஞானம் முடிந்தது. அடுத்து நிரூபணம். ஒரே கணினி, இரண்டு தரவுத்தளத்திடமும் ஒரே கேள்வி. யானைக்கு ஒன்பது விநாடி, கடல்சிங்கத்துக்கு அரை விநாடி. கைதட்டல் கூரையைத் தொட்டது.

மாற்ற மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை அன்றன்றைய பனிக்கனத்தைக் காட்டும் இணையப் பக்கம் திறக்காது. சென்யாவின் தம்பி எய்னோ தினமும் உறைந்த ஏரியைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறான். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அவள் அவனை இறங்கவிட்டதே இல்லை.

"சொல்லும்மா," என்றாள் ஹில்ப்பா.

"காபி நேரத்துல ராய்மோ... கடல்சிங்கத்துக்கிட்ட இதே கேள்வியை நாலு தடவை கேட்டுப் பார்த்தாரு. நான் பின்னாடிதான் நின்னேன். யானைக்கிட்ட ஒரு தடவைகூட கேட்கலை."

"அதனால என்ன?" என்றாள் ஹில்ப்பா.

"முதல் தடவைதான் தேடி எடுக்கணும். அப்புறம் ஞாபகத்துலயே இருக்கும். சௌனா அடுப்புல, நாலு தடவை விறகு போட்ட கல்லும் இப்பத்தான் பத்தவச்ச கல்லும் ஒண்ணா? கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க. கடல்சிங்கத்தை முதல்ல கேளுங்க. யானையை ரெண்டு தடவை கேளுங்க."

சௌனா என்றதும் எண்பது பேரும் நிமிர்ந்தார்கள். அந்த நீராவிக் குளியல் விஷயத்தில் மட்டும் இவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.

ராய்மோ சிரித்தார். "பாப்பா, இதெல்லாம் ரொம்ப ஆழமான விஷயம்."

"ஆழத்தை நாங்க பார்த்துக்கிறோம்," என்றாள் ஹில்ப்பா. "நீங்க அணைச்சுப் போடுங்க."

கடல்சிங்கத்துக்கு எட்டு விநாடி. யானைக்கு முதல் தடவை ஒன்பது. இரண்டாம் தடவை அரை விநாடி.

"மெஷின் சூடாயிடுச்சு போல..." என்று இழுத்தார் ராய்மோ.

"அதைத்தானேய்யா அவ சொல்றா!" என்று யாரோ கத்தினார்கள்.

மாற்ற வேண்டாம் என்று முடிவானது. ராய்மோ கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஹில்ப்பா சென்யாவின் அருகில் வந்து மெல்லக் கேட்டாள். "நானும்தான் கைதட்டினேன். நீ மட்டும் இன்னைக்கு வராம இருந்திருந்தா, உன் தம்பி எதை நம்பி ஏரியில இறங்கியிருப்பான்?"

சென்யா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கைதட்டிய மற்றவர்களில் யாருக்காவது இதற்குப் பதில் தெரியுமா?