தலை சுத்தம், வால் விஷம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. செத்த மீனுக்கு நாடி பார்த்த ஒரு மகானின் கதை சொல்கிறேன்.

மைசூரில் அக்ரஹாரம் என்ற பேட்டையில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை, அவ்வளவு கூட்டம். வளர்ப்பு மீனில் மருந்து கலந்திருக்கிறது என்று யாரோ செல்போனில் அனுப்பியதும், தருண்குமார் சாமி கடை போட்டுவிட்டார். கம்பியில் தொங்கும் எலுமிச்சையை மீனுக்கு மேலே பிடிப்பார். நேராக ஆடினால் சுத்தம், வட்டமாகச் சுற்றினால் விஷம். விஷமென்றால் அவர் விற்கும் பச்சைத் தீர்த்தத்தைக் குளத்தில் ஊற்றிச் சாந்தி செய்ய வேண்டும். சாந்தி ஆன குளத்து மீனில் ஒருநாளும் விஷம் வந்ததில்லை. என்ன ஆச்சரியம்!

ஊருக்கு வெளியே மீன்குளம் வைத்திருந்தாள் மோலி. கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வேண்டிய கட்லா. எலுமிச்சை சுற்றிவிட்டது, வாங்க வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஞாயிறு பூசை, திங்கள் எலுமிச்சை என்று இரண்டு பக்கமும் கும்பிட்டு வைப்பவள் மோலி. தீர்த்தம் வாங்கினாள். பக்தி மிகுந்து கொஞ்சம் நெற்றியிலும் பூசிக்கொண்டாள். பச்சை போகவே இல்லை. அருள் என்றாள்.

நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் ஜோவிதா சிரித்தாள். "அண்ணி, கிளி மாதிரி இருக்கீங்க. குளத்துல ஊத்தறதுக்கு முன்னாடி சாமிக்கு ஒரு பரீட்சை வைப்போமா?"

"வை! உன் மூக்கு உடையறதை நானும் பார்க்கணும்."

குளத்தில் ஒரு கட்லாவை மோலியே பிடித்தாள், அவளே நறுக்கினாள். தலைப்பாதி ஒரு கிண்ணம், வால்பாதி ஒரு கிண்ணம்.

கூட்டத்தின் நடுவே ஜோவிதா பணிவாகச் சொன்னாள்: "இது சாந்தி செஞ்ச குளத்து மீன் சாமி. அது செய்யாத குளத்து மீன்."

எலுமிச்சை தலைமேல் நேராக ஆடியது. வால்மேல் பம்பரமாகச் சுற்றியது. "அய்யய்யோ! வாலு பூரா விஷம்மா!"

ஜோவிதா இரண்டையும் பலகையில் சேர்த்து வைத்தாள். வெட்டிய இடம் அப்படியே பொருந்தியது. ஒரே மீன்.

கூட்டம் மோலியைப் பார்த்தது. இத்தனை நாள் சாமிக்கு ஊரெல்லாம் விளம்பரம் செய்தவள் அவள்தானே! முதலில் வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பு. "சாமி, தலை சுத்தம், வால் விஷம்னா, நடுவுல எந்த முள்ளுல செக்போஸ்ட் வெச்சீங்க?"

"கிரகம் குழப்புது, ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் இருங்க" என்று சாமி உள்ளே போனார். கொல்லைப்புறம் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்தான் வந்தது.

குளத்து நீரும் மீனும் தீர்த்தப் புட்டியும் ஆய்வகம் போயின. துளியிலும் துளி மருந்தைக்கூட அங்கே கருவி பிடித்துவிடும். குளம் சுத்தம். மீன் சுத்தம். தீர்த்தம்தான் மீனுக்குப் போடக்கூடாதென்று தடைசெய்த பச்சைச் சாயம்!

"நல்லவேளை, குளத்துல ஊத்தாம என் மண்டையில பூசினேன். அங்க கெட்டுப்போக ஒண்ணுமே இல்லையே!" என்று சொல்லிச் சொல்லியே கிறிஸ்துமஸுக்கு மீன் அத்தனையும் விற்றாள் மோலி.

கண்ணுக்குத் தெரியாத விஷத்தைத் தேடக் கண்ணை மூடிக்கிட்டா போவாங்க, கண்ணுகளா? உங்க வீட்டுக் குழம்பு மணக்கட்டும், பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும், "அதெப்படி?" என்று கேட்க வீட்டுக்கு ஒரு வாயாவது இருக்கட்டும்.