‘இன்னிக்கி மட்டும்’

எனக்குக் கோபம் வரவழைத்தவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால், மேற்குத் தாம்பரத்தில் தொடங்கிப் படப்பை வரைக்கும் நிற்பார்கள். அதில் முதல் ஆள் ‘இன்னிக்கி மட்டும்’. அவனுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் மீன் மார்க்கெட்டில் யாருக்குமே தெரியாது. பதினோரு மணிக்கு சைக்கிளின் பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு வருவான். ஐம்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு, சித்திரை வெயிலிலும் தலையில் குரங்குக் குல்லா.

அவன் காதில் ‘நாளைக்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது.

“நாளிக்கி எனக்கு சக்கரை இல்லாம கொண்டா” என்று யாராவது சொன்னால், “நாளிக்கி கதைய நாளிக்கி பேசு. இன்னிக்கி மட்டும் சொல்லு” என்பான். ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு இருநூறு டீ சொல்ல வந்தார். “தாலி கட்ற அன்னிக்கி காலைல வந்து சொல்லு சார்” என்று அனுப்பிவிட்டான்.

சங்கரா மீன் என்றால் அவனுக்கு உயிர். நாற்பது வருஷமாக மீன் விற்கிறேன், யாரிடமும் நானாகப் போய்க் கேட்டதில்லை. அவனிடம் கேட்டேன்: “நாளைக்கு ஒரு சங்கரா எடுத்து வைக்கட்டாடா?”

“நாளிக்கி நான் இருந்தா பாக்கலாம்க்கா.”

கத்தியைப் பலகையில் குத்தினேன். “அப்ப எப்பவும் கெடையாது, போ!”

இது இப்படி இருக்க, என் மாப்பிள்ளை தேவா ஏசி மாட்டப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகு வலிக்கு மாத்திரை. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. அளவைக் கூட்டிக்கூட்டித் தின்று, வேலையை விட்டு, பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் கலா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். “இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் உன் வூட்டுக்கு வந்துடுவேன்மா.” தங்கமான மனிதர் அவர். என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. விட எனக்கு மனசில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னது: பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசுகிற மீட்டிங் இருக்கிறதாம், அதற்குப் போனால் நல்லதாம். எங்கே என்று கேட்டேன். “இங்கதான் எங்கியோ” என்றாள். சாராயக் கடைக்கு இந்த ஊரில் போர்டு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. மாத்திரை விற்கிறவனுக்குப் போர்டே வேண்டாம், அவன் இருக்கிற சந்து எல்லாருக்கும் தெரியும். மீள்கிறவன் போகிற இடம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது! வயிறு எரியுமா எரியாதா?

கட்சிக்காரப் பையன் ஒருவனிடம் கேட்டேன்: “மீட்டிங் எங்கப்பா?” அவன் முகம் மலர்ந்துவிட்டது. “உனுக்காகத்தான் வண்டி நிக்குது, ஏறும்மா” என்றான். நம்பி ஏறினேன். படப்பையில் இறக்கிக் கையில் கொடியைக் கொடுத்தார்கள். நான் இரண்டு மணி நேரம் மேடையையே பார்த்தேன். பேசியவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு போதையில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. மீண்டவர் ஒருவரையும் காணோம்.

மறுநாள் அந்தக் கொடிக்கம்பால் ஈ ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டே அதிரத் திட்டினேன். டீயை ஊற்றிக்கொண்டிருந்த ‘இன்னிக்கி மட்டும்’ நிமிர்ந்தான்.

“இன்னா மீட்டிங்க்கா தேடினு கீற?”

சொன்னேன். அவன் கேனை மூடினான். குல்லாவைக் கழற்றினான். அவன் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நானும் அந்தக் கேசுதான்க்கா. வியாழக்கெழம ஆறு மணி. ஸ்டேஷனுக்கு மேற்கால, பழக்கடைக்குப் பக்கத்துல மாடிப்படி. கதவுல ‘இன்று மட்டும்’னு ஒட்டிகீது. இட்டுகினு வா.”

“தெனம் என் எதுர்லதான நிக்கற, இவ்ளோ நாளு ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலியேக்கா.”

அந்தப் பதிலுக்கே அடித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையைக் கிளப்பினேன். “எழுந்திரிங்க மாப்பிள்ளை” என்று மரியாதையாகத்தான் சொன்னேன், சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு. எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். பழக்கடைக்கு இந்தப் பக்கம் ஒரு மாடிப்படி. இ-ன்-று, ம-ட்-டு-ம். முழுசாகப் படித்துவிட்ட பெருமையோடு ஏறினேன்.

மேலே பத்துப் பதினைந்து பெண்கள். நல்ல கூட்டம்தான், பெண்களும் வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்: “எங்க மாப்பிள்ளைக்கு மாத்திரைப் பழக்கம். எங்க உக்காரணும்?”

ஒரு பெண் கேட்டாள்: “எந்த சைஸ் ஆன்ட்டி? நைட்டி எல்லாம் இன்னைக்கு மட்டும்தான் ஆஃபர்.”

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை இல்லை. கீழ்ப்படியில் தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “போதும் அத்தை. மானம் போச்சு. நான் எங்கயும் வரல. கலாவ நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க.”

பழக்கடையின் அந்தப் பக்கத்து மாடிப்படியிலிருந்து ‘இன்னிக்கி மட்டும்’ ஓடி வந்தான். நடந்ததைக் கேட்டான். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னா மச்சான் பேஜாரு? உள்ள வந்து மொத தடவ வாயத் தொறந்து சொல்றதுதான் கஷ்டம். நான் மூணு மாசம் ஊமையா உக்காந்துகினு இருந்தேன். உனுக்கு அத அத்தையே சொல்லிட்டாங்க, அதுவும் நைட்டிக் கடையில. இனிமே இன்னா பயம்?”

மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். எத்தனை மாதம் கழித்து!

“என்னால விட முடியாதுண்ணா.”

“ஆயுசு பூரா வுடச் சொன்னது யாரு? இன்னிக்கி மட்டும்.”

கூடவே நானும் ஏறினேன். கதவில் கையை நீட்டித் தடுத்துவிட்டான். “நீ வெளிய இரு. இது எங்க ஆளுங்களுக்கு மட்டும்.” தேடி அலைந்தது நான், கொடி பிடித்தது நான், எனக்கு வாசற்படி!

“கொணமாயிடுவாரா? கேரண்டி சொல்லிட்டு உள்ள போ.”

“ஏழரை வரைக்கும் கேரண்டி. என் கண்ணு முன்னாலதான கீறான்” என்று கதவைச் சாத்தினான். ஒரு டீயை மட்டும் வெளியே நீட்டினான். சர்க்கரையே இல்லை.

மாப்பிள்ளை நடுவில் ஒரு தடவை வழுக்கி, திரும்ப மாத்திரையில் விழுந்தார். நான் சாமியாடினேன். அவன் அசையவில்லை. “திரும்ப இன்னிக்கிலேந்து எண்ணு மச்சான்” என்றான். இரண்டாவது எண்ணிக்கை நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. கலாவின் பெட்டி பிரித்து அடுக்கியாகிவிட்டது.

போன வருஷம் ஒருநாள் அவனுடைய டீ கேனோடு மாப்பிள்ளை மார்க்கெட்டுக்கு வந்தார். “அண்ணன் கேளம்பாக்கம் போயிட்டாரு அத்தை. அங்க புதுசா மீட்டிங் தொடங்கறாங்க.” என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்றால் ‘நாளைக்கு’ என்ற சொல் அவன் வாயில் வர வேண்டுமே!

மீட்டிங் மாடிக்குப் போர்டு இன்னும் வைக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரைக்கும், யாரும் நைட்டிக் கடைக்கு ஏறிவிடாமல், வியாழக்கிழமைகளில் மாப்பிள்ளைதான் படியடியில் நிற்கிறார்.

எப்பவும் கிடையாது என்று நான் சொன்ன சொல் சொன்னதுதான். அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும், இன்றைக்கு மட்டும் என்று அவனுக்காக ஒரு சங்கராவை எடுத்து வைக்கிறேன்.