பதில் வந்தால்தான் சாப்பாடு

பூமியில் இதுவரை பிறந்தவர்களில், ஹோட்டல் வாசலைத் தாண்டி உள்ளே போக அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் எங்கள் வெஸ்ட் இண்டீஸ்தான். பெரிய கோவிலில் தர்ம தரிசன வரிசையில் நிற்பவர்கள்கூட அவருக்கு முன்னால் சாமியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இது நான் யாரோ சொல்லிக் கேட்டதல்ல. அவருக்குப் பின்னால் பசியோடு நின்றவன் நான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியேறினேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக என் குடும்பம் திண்டிவனத்திலேயே இருந்துவிட்டது. கீழே அவரும் தனி ஆள். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவில், பெரிய ஹோட்டல் ஒன்றில் வருடக்கணக்காகச் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். தீவின் பெயரை அவர் சொல்லத்தான் செய்தார். தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. உலகத்தின் அந்த மூலையில் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒரு கிரிக்கெட் டீம் மட்டும்தான் என்பதால் அவர் வெஸ்ட் இண்டீஸ் ஆனார். ஓவருக்கு எத்தனை பந்து என்பதுகூட அவருக்குத் தெரியாது.

தீவில் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. ஹாலைவிடச் சமையலறை பெரியது. நாலு பர்னர் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி, சுவர் நிறையக் கரண்டிகள். எல்லாம் கடையில் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு இருக்கும், ஏனென்றால் அந்த அடுப்பை அவர் ஒருநாளும் பற்ற வைத்ததில்லை.

"இத்தினி வருஷம் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டாச்சுங்க. இனிமே யாராச்சும் ஆக்கிப் போடட்டும், நான் சாப்பிடறேன்" என்பார்.

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய கிச்சன்?"

"சமையக்காரன் வீட்ல கிச்சன் சின்னதா இருந்தா நாலு பேரு இன்னா நினைப்பாங்க?"

ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான். எனக்கும் வேறு வழியில்லை. முதல் நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிபன் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். நான் நேராக உள்ளே போய்க் கை கழுவி உட்கார்ந்தும் விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் வாசலிலேயே நிற்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்ங்க" என்றார்.

ஹோட்டல் கப்சிப் ஆனது. ஒருவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். சப்ளையர் ஓடிவந்து, "பார்சல் அந்தப் பக்கம்ங்க" என்றார். இவர் நகரவில்லை. இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் உரக்க, "எல்லாருக்கும் வணக்கம்ங்க." கல்லாவில் இருந்தவர் இது வியாபாரத்துக்கு ஆகாது என்று பயந்து, "வணக்கம், வணக்கம். வந்து உக்காருங்க" என்று கெஞ்சினார். வெஸ்ட் இண்டீஸ் முகம் மலர்ந்து, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல உள்ளே வந்தார்.

"இன்னாங்க இது?" என்றேன், வெட்கம் தாங்காமல்.

அப்போதுதான் தீவுக் கதையைச் சொன்னார். அவர் வேலை பார்த்த ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் சாப்பிடுவார்களாம். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் ரோட்டோரம் தகரக் கூரை போட்டு இருக்கும். ஒரு பெரிய குண்டானில் மீன், இன்னொன்றில் தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்கிய சோறு, பக்கத்தில் வேக வைத்த வாழைக்காய். தீர்ந்துபோனால் கடையை மூடிவிடுவார்கள்.

"முதல் லீவு நாள் அங்க போனேங்க. அகோரப் பசி. உள்ள போனதும் மீன் இருக்குதான்னு கேட்டேன். கடைக்காரம்மா திரும்பிக்கூடப் பாக்கல. மறுபடியும் கேக்கறேன், பாத்திரம் தேச்சிக்கினே இருக்குது. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு சொன்னாரு, தம்பி, மொதல்ல எல்லாருக்கும் வணக்கம் சொல்லு, அப்புறம் மீன் கேளுன்னு. சொன்னேன். கடையில இருந்த அத்தினி பேரும் திருப்பிச் சொன்னாங்க. அந்த ஊருக்குப் போனதுலேர்ந்து வெங்காயம் நறுக்கு, அடுப்ப குறைன்னு சொன்னவங்கதான் உண்டு. எனக்கு வணக்கம் சொன்னது அவங்கதான். மீனைவிட அது ருசியா இருந்துச்சுங்க."

சொல்லிவிட்டுப் பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரமாக வைக்க ஆரம்பித்தார். எனக்கு மேற்கொண்டு கேலி செய்ய வாய் வரவில்லை.

ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறதே. அவர் சட்டம் கண்டிப்பானது. சாப்பிடுகிறவர்கள் பதில் சொன்னால் சந்தோஷம். கடைக்காரர் கட்டாயம் சொல்ல வேண்டும். "சோறு அவரோடது இல்ல?" என்பார். பதில் வராத கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

ஒரு பௌர்ணமி அன்று மாட்டிக்கொண்டோம். கிரிவலக் கூட்டம் ஹோட்டலை அடைத்துக்கொண்டு நின்றது. சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அன்றைக்காவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "எல்லாருக்கும் வணக்கம்ங்க" என்று அவர் குரல் கொடுத்ததும், அதுவரை மலையைச் சுற்றி வந்த வேகத்தில், மொத்தக் கூட்டமும் "அரோகரா" என்றது. கல்லாவில் இருந்தவரும் கையைத் தூக்கி அரோகரா போட்டார்.

"இது செல்லுமாங்க?" என்றேன்.

வெஸ்ட் இண்டீஸ் கொஞ்சம் யோசித்தார். "பதில் பதில்தானுங்க" என்று உள்ளே நடந்தார்.

இதற்கிடையில் வார்டு தேர்தல் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இவரைப் போல வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஹோட்டல் ஹோட்டலாகப் போய் எல்லோருக்கும் வணக்கம் வைக்கிறார் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாம்பார் ஊற்ற வந்தவர், "எங்க தெருவுல லைட்டே எரியறதில்லங்க, ஜெயிச்சு வந்தீங்கன்னா கவனிங்க" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சாக்கடையைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார், நாங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. வெஸ்ட் இண்டீஸ் ஒன்றையும் மறுக்கவில்லை. தன்னிடம் நாலு பேர் பேசுகிறார்களே என்ற பூரிப்பில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இவரு கலெக்டர் ஆபீஸ்தாங்க" என்று என்னைக் கை காட்டிவிடுவார்.

அவரை அசைத்துப் பார்த்தது ஒரே ஒரு கடை. கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மெஸ். சாத்தனூர் டேம் மீனில் அங்கே வைக்கும் குழம்பு, மத்தியானம் எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாக வந்து பைல்களைப் பார்க்க விடாமல் செய்யும். அந்த மெஸ்காரர் மட்டும் இவருக்குப் பதில் சொன்னதே இல்லை. வணக்கம் என்றதும் குனிந்து சோம்புத் தட்டைச் சரிசெய்ய ஆரம்பிப்பார். இவர் நிற்பார். அவர் சோம்பை ஒவ்வொன்றாக அடுக்குகிறாரோ என்று தோன்றும். கடைசியில் இவர் குழம்பு வாசனையை ஒரு தடவை நன்றாக இழுத்துக்கொண்டு, எதிரே தள்ளுவண்டியில் எலுமிச்சை சாதம் வாங்குவார். நான் மட்டும் ஒருநாள் மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை சாதத்தோடு அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதில் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதோடு விட்டுவிட்டேன்.

ஒருநாள் மாலை மாடிக்கு ஏறி வந்தார். "தீவு ஹோட்டல்ல திரும்பக் கூப்பிட்டாங்க. போறேன்" என்றார்.

"இவ்ளோ பெரிய வீட்டைக் கட்டிட்டு யாராச்சும் போவாங்களா?"

"வீடு இருக்குதுங்க. எங்க போனாலும் நானேதான் மொதல்ல பேச வேண்டியிருக்குது. அங்க நான் உக்காந்திருந்தா, உள்ள வர்றவங்க எனக்குச் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பேசலியா உங்ககூட?"

"நீங்க குடித்தனக்காரருங்க. நாளைக்கே மாத்தல் வந்தா போயிடுவீங்க" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், "வாங்க, அந்த மீனைத் தின்னுட்டாவது போறேன்" என்று மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனார். வாசலில் நிற்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிலோ தோற்றுப்போனவர் மாதிரி இருந்தது அந்த உட்கார்ந்த விதம். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சோம்புத் தட்டு சத்தம் நின்றது. மெஸ்காரர் கல்லாவை விட்டு எழுந்து எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இன்னாங்க, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே. உடம்பு சரியில்லையா?"

"சொன்னா பதில் வர்றதில்லியே" என்றார் வெஸ்ட் இண்டீஸ், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெஸ்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. எம் மச்சான் இந்த வார்டுல நிக்கிறான். நீங்களும் நிக்கிறீங்க. உங்களுக்கு நான் வணக்கம் சொன்னேன்னு தெரிஞ்சா என் வீட்டம்மா எனக்குச் சோறு போடாது."

மெஸ் நடத்துகிறவருக்குச் சோற்றுக்கு இப்படி ஒரு பயம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெஸ்ட் இண்டீஸ் சிரிக்கவில்லை. "நான் எங்கியும் நிக்கலைங்க. ரிட்டயர்டு சமையக்காரன். சாப்பிடத்தான் வந்தேன்" என்றார் மெதுவாக.

மெஸ்காரர் நிமிர்ந்து, மெஸ் முழுக்கக் கேட்கும்படி, "வணக்கம்ங்க" என்றார். அன்று குழம்பை அவரே கொண்டுவந்து ஊற்றினார். வெஸ்ட் இண்டீஸ் மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"உப்பு ஜாஸ்திங்க."

"அப்புறம் எதுக்கு அத்தினி தடவை வாங்கினீங்க?"

"ஒவ்வொரு தடவையும் அவரே கொண்டாந்து ஊத்தினாருல்ல" என்றார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது, போய்விட்டார். தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது. மச்சான் இன்னும் வெள்ளைச் சட்டையோடு காத்திருக்கிறார். என்னிடம் கீழ் வீட்டுச் சாவி இருக்கிறது. அவ்வப்போது திறந்து அந்த அடுப்பின் மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் ஒருநாள் மாலை நான் மெஸ்ஸில் இருக்கும்போது போன் செய்தார். அங்கே அப்போது காலை. தகரக் கூரைக் கடை வாசலில் நிற்கிறாராம், இன்னும் சாப்பிடவில்லையாம்.

"இன்னாங்க, அங்க பதில் சொல்லலியா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தர்கூட தமிழ்ல சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுப் போனை மெஸ்ஸுக்கு நடுவில் தூக்கிப் பிடித்தேன். "சொல்லுங்க" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்ங்க" என்றது குரல். தோசையை மென்றுகொண்டே எல்லோரும் பதில் சொன்னார்கள். மெஸ்காரர் எழுந்து நின்று சொன்னார். பதில் காதில் விழாவிட்டால் அந்த மனிதர் அங்கே பட்டினி கிடப்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால் எல்லோரையும்விட உரக்க நான்தான் சொன்னேன்.