தண்டல்காரரின் இருமல்

சித்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் பாகாலா தண்டல்காரரைப் போல நேரம் பார்த்து இருமுகிற மனிதர் கிடைக்க மாட்டார். எங்கள் சபையில் பாதிப்பேர் அவரிடம் கடன் வாங்கியவர்கள். மீதிப்பேர் கேட்டுக் கிடைக்காதவர்கள்.

ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைக் கணீரென்று சொல்லிக்கொண்டு வருவார். எங்களிடம் கடன்பட்டவர்களை நாங்கள் விட்டுவிடுவதுபோல நீரும் எங்கள் கடனை விட்டுவிடும் என்று ஆண்டவரைக் கேட்கும் இடம் வருமே, அங்கே இருமல் பிடித்துக்கொள்ளும். வரி முடிந்ததும் நின்றுவிடும். எங்கள் சபையில் ஜெபம் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. ஆக, வாரம் இரண்டு இருமல். கடன் வாங்கிய நாங்களோ, அந்த வரியை மட்டும் அவர் பக்கம் திரும்பிக் கூரை அதிரச் சொல்வோம். பாஸ்டரம்மா மிளகுக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் தொண்டையில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த வாரம் இருமல் இன்னும் பலமாக வந்தது.

எல்லாரையும்விடச் சத்தம் போட்டவன் நான்தான். ஊர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாகக் குவைத்துக்குப் போன காலம் அது. ஸ்டேஷன் எதிரில் எஸ்.டி.டி. பூத் போட்டால் பணம் கொட்டும் என்று அவரிடம் கடன் வாங்கிப் போட்டேன். பேச்சுதான் கொட்டியது. மூன்று மாதம் தண்டல் கட்டவில்லை.

"திங்கக்கெழம வர்றேன். காசு இல்லன்னா மீட்டர கழட்டிக்கினு போவேன்" என்றார்.

பேசிய நேரத்துக்குக் காசு காட்டும் மீட்டர் போனால் பூத் போச்சு. பூத் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நேரே பாஸ்டரிடம் ஓடினேன்.

"இந்த வாரம் தண்டல் அண்ணன் முன்னாடி நின்னு ஜெபம் சொல்லட்டுமே, பாஸ்டரய்யா" என்றேன், முகத்தை பக்தியாக வைத்துக்கொண்டு. சபை முன்னால் அந்த வரியைச் சொல்லிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு மீட்டரைக் கழற்றுவார்?

ஞாயிறன்று முன்னால் போய் நின்றார். அந்த இடம் வந்தது. இருமினார். சபை காத்திருந்தது. மறுபடி இருமினார். மறுபடி காத்திருந்தோம். பாஸ்டர் தண்ணீர் கொடுத்தார். நிதானமாகக் குடித்தார்.

"பாஸ்டரய்யா, எனக்கு இருமலே இல்ல. ஆண்டவர்கிட்ட சொன்னா செய்யணும். மனசு வர்ல. பொய் சொல்றதுக்கு பதிலு இருமிக்கினு இருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரோசம்மா பேர சிலேட்டுல எழுதி பூத் வாசல்ல மாட்டிக்கினு கீறியே, உனக்கு எப்பிடிப்பா இருமலே வர்ல?"

ரோசம்மா, குவைத்தில் இருக்கும் புருஷனோடு என் பூத்தில் கடனுக்குப் பேசியவள். பக்கத்து வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மூடிக்கொள்ள முந்தானையும் இல்லை.

அடுத்துத் தெலுங்கு ஜெபம். அந்த வரி வந்தபோது சபையே இருமியது.

அன்றே சிலேட்டை அழித்தேன். திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். சிலேட்டை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி போட்டு அழிச்சியா, எச்சில் போட்டா?"

"தண்ணிதான், அண்ணா. அவகிட்ட இனிமே கேக்க மாட்டேன்."

சட்டைப் பையிலிருந்து என் ப்ரோநோட்டை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத. அப்பறம் ஊரே சிலேட்டு வாங்கி அழிக்கும்" என்றார்.

மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறும் இருமினார். ஆனால் இருமல் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

அவர் ஆண்டவரிடம் போய் வெகு காலமாகிறது. இப்போதெல்லாம் அந்த வரி தடங்கலே இல்லாமல் முடிந்துவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் உட்காரும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு, அவருக்காக நானே ஒருமுறை இருமிவிடுகிறேன்.