துண்டு போட்டாச்சு மாமா

சிங்கப்பூர் விமான நிலையம்,
ஞாயிறு, மத்தியானம்.

எலவனாசூர்கோட்டையில் என் அக்கா மணிமொழியோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மாமா ராமசாமி அவர்களுக்கு, உளுந்தூர்பேட்டை ஜங்ஷனில் டிபன் கடை நடத்திவரும் தங்கள் மச்சான் வீரமணி பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கு தங்கள் நலம், அக்கா நலம், வெட்டுக்கு நிற்கும் கரும்பின் நலம், சினைமாட்டின் நலம் எல்லாம் அறிய ஆவல்.

தங்கள் மகள், நம்ம பாப்பா தேவதர்ஷினிக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்திருப்பதும், வருகிறேன் வரவில்லை என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் போட வேண்டியிருப்பதும் தாங்கள் அறிந்ததே. "பொம்பளப் புள்ளய தனியா அவ்ளோ தூரம் எப்படிறா அனுப்பறது? தாய்மாமன் நீ ஒருக்கா போய்ப் பாரு. அனுப்பலாமா வேணாமான்னு எழுத்துல குடு. வாயால சொன்னா நீ கத வுடுவ" என்று தாங்கள் இட்ட கட்டளைப்படி, தனி ஆளாக வந்து, தனி ஆளாகச் சுற்றி, இதோ தனி ஆளாகத் திருச்சி விமானத்துக்குக் காத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்துப் பாப்பா போனுக்கு அனுப்புவேன், அது தங்களுக்குப் படித்துக் காட்டும். பாப்பா, உள்ளது உள்ளபடி படிக்கணும், நடுவுல சிரிக்கக் கூடாது.

முதலில் வெற்றிலை விஷயம். வெளிநாடு போகிறவர்கள் வாயில் வெற்றிலையோடு ரயில் ஏறக் கூடாது என்பது என் முதல் யோசனை. ஏனென்றால் இந்த ஊரில் துப்ப இடம் கிடையாது. ரயிலில் இல்லை, ஸ்டேஷனில் இல்லை, ரோட்டோரம் ஒரு செடிகொடிகூட தூசி தட்டி வெச்சாப்புல இருக்கு, மனசு வரல மாமா. ஓட்டல் வரைக்கும் வாய மூடிக்கினே போனேன். வழியில ஒரு அம்மா சிரிச்ச மொகமா இன்னாவோ கேட்டுது, நானும் உம்முன்னு தலய ஆட்டினேன், அது பாவம் எனக்குப் பல்லு வலின்னு நெனச்சிக்கினு மாத்திரைக் கடைய கையக் காட்டிட்டுப் போச்சு. கடைசியில முழுங்கிட்டேன். அன்னிக்கு பூரா விக்கல்.

அடுத்தது பஸ். இங்க பஸ்ஸுல கண்டக்டரே கெடையாது, அத யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல. நான் ஏறினதும் வண்டி நின்னுக்கினே இருக்கே, யாரும் குரல் குடுக்கலியேன்னு பக்கவாட்டுல ஓங்கி ரெண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்!"னேன். டிரைவரு இஞ்சின ஆப் பண்ணிட்டு எறங்கி, வண்டியச் சுத்தி வந்து டயர் டயரா குனிஞ்சு பாத்தாரு. எத்தனையோ பேரு ஏறிப் போற வண்டி, நம்மளால ஒரு செக்கிங் ஆச்சு, நல்லதுதானே? அந்த வண்டி நான் போக வேண்டிய பக்கமே போகலன்றது வேற விஷயம். கடைசி ஸ்டாப்புல எறங்கினதும், புள்ள சாப்ட்டுச்சான்னு கேக்கலாமேன்னு பாப்பாவுக்கு ஒரு போன் போட்டேன். வழி கேக்க இல்ல, அத நல்லா மனசுல வெச்சிக்கங்க. அது அப்ப வெள்ளிமல ஆஸ்பத்திரி டூட்டியில இருந்துச்சு. டவர் கெடைக்கற மேட்டுல ஏறி நின்னுக்கினு, "மாமா, நீ நிக்கற எடத்த அனுப்பு. ரோட்டத் தாண்டி எதுத்தாப்புல நில்லு. நான் சொல்ற நம்பர் வண்டி வந்தா கையக் காட்டு. தட்டாத மாமா, செவப்பு பட்டன அமுக்கு"ன்னுச்சு. கல்வராயன் மலையில நின்னுக்கினு என்ன ஓட்டல் வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டுது. அதுக்கும் பொழுது போவணும் இல்லியா, நானும் சரின்னு வுட்டுட்டேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், பாப்பா இத மெதுவா படி. இங்க ஒரே கொட்டாயில வரிசையா சாப்பாட்டுக் கடைங்க, நடுவுல பொதுவா டேபிளு சேரு. எல்லா டேபிளும் ரொம்பி வழியுது, ஒண்ணே ஒண்ணு காலியா கெடக்குது, அதுலயும் சேருக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட் அழகா வெச்சிருக்காங்க. இன்னா ஒரு உபசாரம், நம்ம கடையில பழைய பேப்பரத்தானே கிழிச்சு வெக்கறோம்னு எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு பாக்கெட்டப் பிரிச்சு மூஞ்சி கழுத்தெல்லாம் நல்லா தொடச்சேன், மிச்சத்த கடைக்கு ஆவும்னு பையில போட்டுக்கினேன், ஒக்காந்து வாங்கியாந்த சாப்பாட்டுலயும் கைய வெச்சிட்டேன். பாத்தா, கையில தட்டு ஏந்திக்கினு ஒரு சீனக் குடும்பம், ஆத்தா அப்பன் ரெண்டு புள்ளைங்க, என்னச் சுத்தி நிக்குது. திட்டல, கத்தல, என் பையவே பாக்குது. நான் "சாப்டுங்க சாப்டுங்க"ன்னு கையக் காட்டறேன், அவங்க எங்க ஒக்காந்து சாப்டுவாங்க? பாப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். பாத்த ஒடனே தலையில அடிச்சிக்கினு, "ஐயோ மாமா, அது டிஷ்யூ இல்ல, துண்டு!"ன்னுச்சு.

புரியுதா மாமா? நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துக்கு நடுவுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிக்கறோமே, அதே சங்கதிதான். இங்க டிஷ்யூ வெச்சா சீட்டு அவங்களுது, எவனும் தொட மாட்டான். பாப்பா போன்ல அவங்ககிட்ட இங்கிலீஷ்ல இன்னா சொல்லுச்சோ, அந்த ஆத்தா சிரிச்சுட்டு எனக்கே ஒரு சேர இழுத்துப் போட்டு, கரும்பு ஜூஸ் வேற வாங்கிக் குடுத்துச்சு. அப்பத்தான் இந்த ஊரு மேல எனக்கு மதிப்பே வந்துச்சு. துண்டுக்கு மரியாத குடுக்கற ஊரு எப்படி மாமா கெட்ட ஊரா இருக்கும்?

அதனாலதான் இப்ப நிம்மதியா ஒக்காந்து எழுதறேன். பிளேன் ஏறற ரூமுல கதவாண்ட மொத சேருல என் துண்ட விரிச்சுப் போட்டுட்டேன். உள்ள புள்ளைங்க சத்தம் தாங்கல, அதான் வெளிய வந்து தள்ளி ஒரு எடமாப் பாத்து ஒக்காந்திருக்கேன். துண்டு கெடக்குது, ஆள் வரணும்னு அவங்களுக்குத் தெரியாதா இன்னா? இங்கயும் சத்தம் இல்லாம இல்ல. மைக்குல அப்பத்துலேருந்து யாரோ மிஸ்டர் இருசப்பனாம், வா வான்னு தொண்டத் தண்ணி வத்தக் கூப்டுக்கினு கெடக்கறாங்க. செத்துப்போன எங்கப்பன் பேரு மாமா! கடல் தாண்டி வந்து அவரு பேரக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்? ஒரு பிளேனையே காக்க வெச்சிக்கினு எங்கயோ ஒக்காந்துக்கினு இருக்கான் பாருங்க.

சரி, தீர்ப்புக்கு வரேன். ஊரு தங்கமான ஊரு. ஆனா எனக்கே இவ்ளோ சாமர்த்தியம் தேவப்பட்டுச்சுன்னா, பாப்பா எம்மாத்திரம்? விடியக்கால கள்ளக்குறிச்சியில மல பஸ்ஸப் புடிக்கறது, பஸ் வராத அன்னிக்கு பால் வண்டியில எறங்கறது, மழ நாள்ல புள்ளத்தாச்சிய ஜீப்புல ஏத்திக்கினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடறது, இத வுட்டா ஒலக அனுபவம் இன்னா இருக்கு அதுக்கு? என் மடியில ஒக்கார வெச்சு காது குத்தின புள்ள மாமா. அழுதுச்சுன்னு நானும் அழுதவன். அது இங்க ஒரு ரயில மாத்தி ஏறிடுச்சுன்னா யாரு போன எடுத்து வழி சொல்லுவாங்க? ஆகவே, இப்போதைக்கு வரவில்லை என்றே பதில் போடச் சொல்லவும். பிறகு ஒரு நாள், அனுபவஸ்தனாகிய நானே கூட வந்து, இருந்து பழக்கிவிட்டுத் திரும்புவதாக இருந்தால் யோசிக்கலாம். இது தாய்மாமன் என்ற முறையில் என் முடிவான கருத்து.

அக்காவுக்கு என் வணக்கம், தைலம் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லவும். பாப்பாவுக்கு ஆசீர்வாதம். அது மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினா நான் வந்து சமாதானம் சொல்லிக்கிறேன்.

தங்கள் சொல் தட்டாத மச்சான்,
இ. வீரமணி

பின்குறிப்பு: மாமா, பிளேன் போயிடுச்சு. துண்டு போட்டது போட்டபடியே கெடக்குது, ஒருத்தரும் தொடல, அந்த மட்டும் இவங்கள கொற சொல்ல முடியாது. பக்கத்துல ரெண்டு போலீஸ்காரங்க வேற நின்னு அதயே மொறச்சுப் பாத்துக்கினு இருந்தாங்க. அந்த இருசப்பன் நான்தானாம். பாஸ்போர்ட்டுல கடைசியில அப்பா பேரு இருக்குது, அதத்தான் கூப்டாங்களாம். அத்தன வாட்டி கூப்டும் பெத்த அப்பன் பேருக்கு எழுந்து போவலியேன்னு நெனச்சா மனசு ஆறல மாமா. இப்ப கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, பாப்பா வயசுதான் இருக்கும், தமிழ்லயே பொறுமையா கேக்குது, "அங்கிள், உங்க வீட்டுல விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நம்பர் குடுங்க, நான் பேசறேன்"னு. உங்கள நெனச்சேன், அக்காவ நெனச்சேன், என்னயும் ஒரு தடவ நெனச்சுப் பாத்துக்கினேன். பாப்பா நம்பரத்தான் குடுத்தேன். மேல எழுதின தீர்ப்பக் கிழிச்சுப் போட்டுட்டு, வரேன்னு பதில் போடச் சொல்லுங்க மாமா. பாப்பா, படிச்சது போதும், மொதல்ல போன எடு.