வலது கைக்கு வந்த கோளாறு

"உங்க கிளவுஸோட கட்டை விரலு சிவனாண்டி ஐயா கையில ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது" என்று சத்யப்ரியா போனில் சொன்னபோது, சூரியபிரகாஷ் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டை விரல் மட்டுமா?"

"மட்டுமான்னு கேட்டா? முழு கிளவுஸும் ஒட்டணும்னு எதிர்பாத்தீங்களா?"

"அதுக்கில்ல சத்யா. எந்தக் கை கிளவுஸு?"

"வலது கை. பிளாஸ்டர ஒட்டிட்டுக் கைய எடுத்தா, கட்டை விரலு அவர்ட்டயே தங்கிருச்சு. வார்டே சிரிக்குது. வையிங்க, வேலை கிடக்கு."

சூரியபிரகாஷுக்கு இட்லி இறங்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டாது என்பதுதான் அந்தக் கையுறையின் முதல் பெருமை.

சத்யப்ரியா மதுரையில் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவன் சூரியபிரகாஷ் சென்னையில் ஒரு ரப்பர் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவன். லீவில் விளாங்குடி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் ஒரே பாட்டைப் பாடுவாள். கிளவுஸில் பிளாஸ்டர் ஒட்டிக் கிழிகிறது, மருந்துக்குப்பி வழுக்குகிறது, நோயாளி விவரம் பதியும் டேப்பின் திரையில் விரல் எடுக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பாதி டியூட்டி அதிலேயே போகிறது. கேட்டுக் கேட்டு அவனுக்குள் ஓர் எண்ணம் முளைத்தது. கடையில் விற்கும் உறை எந்தக் கைக்கும் பொருந்தும். அதனாலேயே எந்தக் கைக்கும் சரியாகப் பொருந்தாது. இடது கைக்குத் தனி, வலது கைக்குத் தனி என்று அச்சிலேயே பிரித்துவிட்டால் என்ன? கட்டை விரல் அதன் இடத்தில் நிற்கும். உள்ளங்கைப் பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டாத பூச்சு, விரல்களின் உட்புறம் பிடிமானத்துக்குச் சின்னச் சின்ன மேடு, ஆள்காட்டி விரல் நுனியில் திரையைத் தொட ஒரு கறுப்புப் புள்ளி.

வேலையை விட்டுவிட்டு வந்து, திருவாதவூர்ப் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுக்கத் தெரிந்த சோணையை வேலைக்கு வைத்து, அச்சு வரவழைப்பதிலிருந்து இடது கைக்கு ஒரு டப்பா, வலது கைக்கு ஒரு டப்பா என்று அடைப்பது வரை அவனிடமே விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் தமிழ்மாறன், "என் வார்டுல ஓட்டிப் பாருங்க. சிஸ்டர்ஸ் நல்லா இருக்குன்னு சொன்னா ஆஸ்பத்திரி முழுக்க வாங்கிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். சொல்லாவிட்டால் சென்னைதான். பழைய கம்பெனிக்காரர்கள் நாற்காலியை இன்னும் காலியாக வைத்திருந்தார்கள். சத்யப்ரியாவுக்கு மதுரையை விட்டு வர இஷ்டமில்லை. ஆக, ஒரு குடும்பம் ஒரே வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது சிவனாண்டி ஐயா கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் உடனே சோணையைக் கூப்பிட்டான்.

"சோணை, உள்ளங்கைப் பூச்சு பத்தலப்பா. நல்லாக் கூட்டிப் போடு."

"ரெண்டு டப்பாவுக்குமாண்ணே?"

"ரெண்டுக்கும்தான். அதென்ன கேள்வி?"

"இல்லண்ணே, கேட்டுக்கிட்டேன். போட்டுர்றேன்."

புதுக் கையுறைகள் வார்டுக்குப் போயின. இந்தத் தடவை சத்யப்ரியா போன் செய்யவில்லை. டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னதான் பண்ணி வச்சிருக்கீங்க? எடது கையில எதுவும் நிக்க மாட்டேங்குது. வலது கை எதையும் விட மாட்டேங்குது."

"அதெப்படி? ரெண்டும் ஒரே பால், ஒரே பூச்சு."

"அதெப்படின்னு என்னையக் கேட்டா? மருந்துக்குப்பி எடது கையில இருந்து எண்ணெய் தேச்ச மீனாட்டம் நழுவிப் போயி டாக்டர் காலடியில உடையுது. குனிஞ்சு பெறக்கலாம்னா வலது கையில பிளாஸ்டர் சுத்திக் கெடக்கு. பாண்டியம்மாக்கா பாத்த பார்வையில எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

பாண்டியம்மாள் அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். அவர் யாரையும் திட்ட மாட்டார், பார்ப்பார்.

சூரியபிரகாஷ் அறைக்குள் போய் ஓர் உறையை எடுத்து மாட்டிப் பார்த்தான். வலது கையில் போன் இருந்ததால் இடது கையில் மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. பூச்சு மட்டும் கொஞ்சம் அதிகம். வழுக்கத்தான் செய்தது. சரி, பிடிமான மேட்டைப் பெரிதாக்கினால் தீர்ந்தது.

"சோணை, விரல்ல இருக்க மேட்ட ரெண்டு மடங்கு எடுப்பா வை."

"ரெண்டு டப்பாவுக்கும்தானண்ணே?"

"ஒவ்வொரு தடவையும் இதையே கேக்காதப்பா."

மேடுகள் எடுப்பாக வந்தன. எவ்வளவு எடுப்பு என்றால், சிவனாண்டி ஐயாவின் மணிக்கட்டில் சத்யப்ரியா நாடி பிடித்ததும் அவர், "என்னாத்தா, கையில பாகற்காய வச்சிருக்கியா?" என்று கேட்டார். அழகர்கோவில் பக்கத்து ஆள். தோப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து வந்திருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததில் காலை மறந்திருந்தார்.

"அது எடது கைங்கய்யா. இந்தக் கையால பிடிக்கிறேன்."

"இது வழவழன்னு இருக்கு. ஆனா இதோட பொறங்கைதான் சொரசொரன்னு சுகமா இருக்கு. முதுகுல கொஞ்சம் தேச்சு விடாத்தா."

சாயங்காலம் இதைச் சொன்னபோது சூரியபிரகாஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வலது கட்டை விரலு வேற இழுத்துப் பிடிக்குது. வலிக்குதுங்க."

"கட்டை விரலுக்குன்னே தனியா வடிவமைச்சதும்மா அது. வலிக்க வழியே இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பழகணும் சத்யா. புதுச் செருப்பு மாதிரி."

"செருப்பக் கழட்டிட்டு நடக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

அடுத்து வந்தது டேப் விவகாரம். வலது ஆள்காட்டி விரலால் எவ்வளவு அழுத்தினாலும் திரை அசையவில்லை என்று புகார். சூரியபிரகாஷ் கறுப்புப் புள்ளியைப் பெரிதாக்கினான். அப்போதும் வலது விரல் எடுக்கவில்லை. ஆனால் டேப்பைப் பிடித்திருந்த இடது கை விரல் ஓரத்தில் உரசி, தொடக் கூடாததையெல்லாம் தொட்டுவிட்டது. அதன் பலன், சிவனாண்டி ஐயாவின் பெயர் எலும்பு முறிவு வார்டிலிருந்து பிரசவ வார்டுக்கு மாறியது. மத்தியானம் அவருக்குப் பூண்டுக் குழம்பும் கருவாடும் பத்தியச் சாப்பாடாக வந்தன. ஐயா வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் இதையே கொடுக்கச் சொன்னார். பிரசவ வார்டில் ஒரு குடும்பம் சாப்பாடு வரவில்லை என்று சண்டைக்கு வந்தது.

பாண்டியம்மாள் பார்த்தார். இந்த முறை சத்யப்ரியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் அன்று பெரிய சண்டை.

"போதும்ங்க. பழைய கிளவுஸே குடுத்துருங்க. நான் கிழிஞ்சதப் போட்டுக்கூட வேலை பாக்குறேன்."

சூரியபிரகாஷுக்கும் பொறுமை போய்விட்டது. "நான் ஒண்ணு கேக்குறேன், கோவப்படாத. இது வரைக்கும் வந்த புகார் அம்புட்டையும் யோசிச்சுப் பாரு. ஒட்டுறது வலது கை. வழவழங்குறது வலது கை. வலிக்கிறது வலது கை. திரை எடுக்காததும் வலது கை. ஒன் வலது கையிலதான் ஏதோ கோளாறு."

அவள் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் பக்கத்து வார்டிலிருந்துகூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். கைராசிக்காரி என்று பெயர். அந்தக் கையைத்தான் அவன் சொல்கிறான்.

"அப்படியா சொல்றீங்க?"

"டாக்டர்கிட்டக் காட்டுறதுல என்ன தப்பு?"

காட்டினாள். தமிழ்மாறன் எலும்பு டாக்டர். விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், கட்டை விரலின் அடியை அழுத்திப் பார்த்தார்.

"இங்க வலிக்குதாம்மா?"

"கிளவுஸ் போட்டா வலிக்குது டாக்டர்."

பக்கத்தில் நின்ற பாண்டியம்மாள் மெதுவாக, "எனக்கும் அந்த எடத்துலதான் டாக்டர். வயசாகிருச்சுன்னு நெனச்சுச் சொல்லாம இருந்தேன்" என்றார்.

விசாரித்தால் வார்டில் எல்லாச் சிஸ்டர்களுக்கும் அதே வலி, அதே வலது கட்டை விரல். தமிழ்மாறனின் முகம் மாறியது. வருஷக்கணக்காக ஊசி போட்டுப் போட்டுத் தசை தளர்ந்திருக்கிறது, இது வரை யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தார். ஆளுக்கொரு மஞ்சள் பந்து வாங்கிக் கொடுத்து, நேரம் கிடைக்கும்போதெல்லாம் வலது கையால் அமுக்கச் சொன்னார். அதிலிருந்து அந்த வார்டில் நர்ஸுகள் நடக்கும்போது அமுக்கினார்கள், பேசும்போது அமுக்கினார்கள். சிவனாண்டி ஐயா தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி அமுக்கினார்.

பந்தை அமுக்கி அமுக்கிச் சத்யப்ரியாவுக்கு நிஜமாகவே கை வலித்தது. வீட்டில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டு வரும், சோறு வரும், சொல் மட்டும் வராது. சூரியபிரகாஷுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உறை தப்பித்துவிட்டது.

கடைசியில் முடிவு சொல்லும் நாள் வந்தது. தமிழ்மாறனின் அறையில் அவர் எதிரே சூரியபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். தன் பொருள்மீது இருக்கும் நம்பிக்கையைக் காட்ட, வலது கையில் போனை வைத்துக்கொண்டு இடது கையில் உறையை மாட்டியிருந்தான். சத்யப்ரியாவும் பாண்டியம்மாளும் சுவரோரம் நின்றார்கள். சத்யப்ரியா அவன் பக்கம் திரும்பாமல் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரகாஷ், நான் தீர யோசிச்சுட்டேன்" என்றார் டாக்டர். "உங்க கிளவுஸ்ல ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா என் ஸ்டாஃபுக்கு இருக்கிற பிரச்சனைய அதுதான் வெளிய கொண்டுவந்திருக்கு. ஆஸ்பத்திரி முழுக்க எடுத்துக்கிறேன்."

சூரியபிரகாஷ் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"ஆனா சத்யப்ரியாவ இனிமே ஊசி போட விட முடியாது. கை சரியாகிற வரைக்கும் ரிசப்ஷன்ல உக்காரட்டும். இன்னைக்கே நரம்புச் சோதனைக்கும் எழுதித் தர்றேன்."

பந்து அமுக்கும் சத்தம் நின்றது.

"டாக்டர், இந்தப் புள்ள கை மாதிரி வராது" என்றார் பாண்டியம்மாள். அவர் அவ்வளவு பேசியதே பெரிது. "பச்சப்புள்ளைக்குக்கூட அழாம ஊசி ஏத்துற கை."

"எனக்கும் வருத்தந்தான் சிஸ்டர். ஆனா ரிஸ்க் எடுக்க முடியாதே."

சத்யப்ரியா அப்போதுதான் கணவனைப் பார்த்தாள். திட்டினாலாவது தேவலை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது போன் அடித்தது. சோணை.

உறை மாட்டிய இடது ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டான். சட்டென்று எடுத்துக்கொண்டது. தர்மசங்கடத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்த தெம்பில் போனை எல்லோருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா டாக்டர், கையில கோளாறு இல்லைன்னா எம்புட்டுச் சுளுவா எடுக்குதுன்னு." அதே விரலால் ஸ்பீக்கரையும் தட்டினான். "சொல்லு சோணை. டாக்டர் ரூமுலதான் இருக்கேன். எல்லாரும் கேக்குறாக, சத்தமாவே சொல்லு."

"அண்ணே, வலது கை அச்சு ஒருவழியா இன்னைக்கு வந்து எறங்கிருச்சு. இனிமே ரெண்டு டப்பாவுலயும் எடது கை கிளவுஸையே போட்டு அடைக்க வேண்டியதில்லைல்ல?"